பருக்குழித் தழும்பு சிகிச்சையின் வரலாறு

பருக்குழித் தழும்பு என்பது முகப்பரு ஆறிய இடத்தில் தோல் உள்வாங்கி நிலையாகத் தங்கிவிடும் பள்ளம் ஆகும். பருவினால் முகத்தில் உண்டாகும் தழும்புகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. புடைத்து வளரும் கெலாய்டு வகைத் தழும்புகள் மார்பு, முதுகு, தாடை ஓரம் ஆகிய இடங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. பள்ளங்களைச் சமன்செய்யக் கடந்த 120 ஆண்டுகளில் அமிலம், எக்ஸ் கதிர், கம்பித் தூரிகை, லேசர், ஊசி எனப் பல வழிகள் கையாளப்பட்டுள்ளன. இவற்றின் வரலாற்றை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். 1990களின் நடுப்பகுதி வரை தோலின் மேற்பரப்பை முழுமையாக நீக்குவதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. அதன் பிறகு மேற்பரப்பை முடிந்தவரை விட்டுவைத்து, தழும்பின் அடியில் மட்டும் வேலை செய்யும் முறைகள் வந்தன. கருமையான தோல் உடையவர்களுக்குப் பாதுகாப்பான சிகிச்சை ஓரளவேனும் கிடைக்கத் தொடங்கியது இந்த இரண்டாம் பகுதியில்தான்.

பள்ளம் உருவாகும் விதம்

மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் சேர்ந்த சிறு பையில் ஏற்படும் அழற்சியே பரு. அழற்சி முற்றும்போது பையின் சுவர் உடைந்து, உள்ளிருப்பவை உட்தோலில் கசிகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தையும் சேர்த்தே கரைக்கின்றன. கரைந்த அளவுக்குப் புதிய கொலாஜன் உருவாகாவிட்டால் அந்த இடம் தாழ்ந்துவிடும். சில இடங்களில் ஆறும்போது உண்டாகும் நார்கள் தோலைக் கீழிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பள்ளத்தில் இரண்டு குறைகள் இருக்கலாம்: ஒன்று பொருள் இழப்பு, மற்றொன்று அடியிலிருந்து வரும் இழுப்பு. மேற்பரப்பை மட்டும் தேய்த்துச் சமன்செய்த பழைய முறைகள் இரண்டாவது குறையைத் தொடவே இல்லை.

பரு ஆறிய பின் தோன்றும் சிவப்பு அல்லது கரும்பழுப்புப் புள்ளிகளைப் பலரும் தழும்பு என்றே சொல்கின்றனர். அவை நிறமாற்றம் மட்டுமே. பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு அதற்கும் மேலான காலத்தில், தாமாகவே மங்குகின்றன. பள்ளம் அப்படி மறைவதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் லேட்டன், ஹெண்டர்சன், கன்லிஃப் ஆகியோர் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வு, பரு சிகிச்சைக்கு வந்தவர்களில் 95 விழுக்காட்டினருக்கு முகத்தில் ஏதோ ஓர் அளவு தழும்பு இருந்ததைக் காட்டியது. ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை. தகுந்த சிகிச்சை தொடங்க எவ்வளவு தாமதமானதோ, அதற்கேற்பத் தழும்பும் கூடியிருந்தது. பரு வயதுக்கோளாறு, தானே போய்விடும் என்று காத்திருப்பதன் விலை இதுவே.

இந்தியாவில் குழிவிழுந்த முகம் என்றதும் நெடுங்காலம் நினைவுக்கு வந்தது அம்மைத் தழும்புதான். நாட்டின் கடைசி உள்ளூர்ப் பெரியம்மை நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார். அம்மை வடு முகங்கள் தெருவெங்கும் இருந்த காலத்தில், கன்னத்தில் சில பருக்குழிகள் இருப்பது பெரிதாகக் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை.

அமிலமும் எக்ஸ் கதிரும்

தோலை உரிக்கும் அமிலங்களை மருத்துவ முறையாக வகைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா. சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், பீனால், ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் செயல்படும் விதத்தை 1882இல் அவர் விவரித்தார். இந்த நான்கும் இன்றும் வழக்கில் உள்ளன.

நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் மில்லர் மெக்கீ 1903இலேயே பருத்தழும்புகளுக்குப் பீனாலைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவரும் புளோரன்டைன் கார்ப்பும் அதன் விளைவுகளைக் கட்டுரையாக வெளியிட்டது 1952இல். இடையில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கடந்திருந்தது. பீனால் ஆழமாக இறங்கும் அமிலம். உடலில் உறிஞ்சப்பட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அது பட்ட இடம் நிரந்தரமாக வெளுத்துவிடுவதும் உண்டு. வெள்ளைத் தோலில் இந்த வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. பழுப்புத் தோலில் அது முகமூடி அணிந்ததைப்போலத் தெரியும்.

மெக்கீயின் பெயர் இன்னொரு சிகிச்சையோடும் இணைந்தது. தோல் நோய்களுக்கு எக்ஸ் கதிரையும் ரேடியத்தையும் பயன்படுத்துவது பற்றி 1921இல் அவர் எழுதிய நூல் அத்துறையின் அடிப்படை நூலாக விளங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பருவுக்கு எக்ஸ் கதிர் கொடுப்பது சாதாரண நடைமுறை. எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கின, பரு அடங்கியது. பல ஆண்டுகள் கழித்து, கதிர் பெற்றவர்களிடையே தைராய்டு, தோல் புற்றுநோய்கள் மிகுந்திருப்பது தெரியவந்தபோது அம்முறை கைவிடப்பட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்காக இளம் வயதினர் ஏற்ற அபாயம் என்ற வகையில், தோல் மருத்துவ வரலாற்றின் வருந்தத்தக்க பக்கங்களில் இது ஒன்று.

தேய்த்து நீக்கிய காலம்

பெர்லின் மருத்துவர் எர்ன்ஸ்ட் குரோமையர் 1905இல் சுழலும் கருவிகளைக் கொண்டு தழும்பைத் தேய்க்கும் முறையை வெளியிட்டார். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் துளைப்பொறியே இதற்கு ஆற்றல் தந்தது. தோலைக் குளிரால் உறையவைத்து, கடினமாக்கி, அதன்பின் தேய்த்தார். அவருடைய கருவியைவிட நீண்ட பயன் தந்தது அவருடைய ஒரு கவனிப்பு. உட்தோலின் மேலடுக்கோடு நிற்கும் காயம் தழும்பின்றி ஆறுகிறது. அதைத் தாண்டினால் புதுத் தழும்பு விழுகிறது. மயிர்க்கால்களின் அடியில் மிஞ்சியிருக்கும் செல்களே மேலேறி வந்து புதிய மேல்தோலை உருவாக்குகின்றன என்பது இதன் அடிப்படை. பின்னர் வந்த எல்லா மேற்பரப்புச் சிகிச்சைகளும் இந்த எல்லைக்கு உட்பட்டே நடக்கின்றன.

குரோமையரின் முறை ஜெர்மனிக்கு வெளியே அதிகம் பரவவில்லை. நியூயார்க்கின் ஆப்னர் கர்ட்டின் 1953இல் வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையைக் கொண்டு அதற்கு மறுவாழ்வு தந்தார். ஈதைல் குளோரைடு தெளித்து முகம் உறையவைக்கப்பட்டது. நிமிடங்களில் கன்னம் முழுவதும் தேய்க்கப்பட்டது. அடுத்த 30 ஆண்டுகள் பருத்தழும்பு சிகிச்சை என்றால் இந்தத் தோல்தேய்ப்புதான். ஆழமற்ற, விளிம்பு கூர்மையான பள்ளங்களுக்கு இது நல்ல பலன் தந்தது. தேர்ந்த கையில் இன்றும் தருகிறது. ஆனால் எல்லாமே மருத்துவரின் கையை நம்பியிருந்தது. சற்று அழுத்தினால் புதுத் தழும்பு, சற்று விட்டால் பயனில்லை. சுழலும் தூரிகை இரத்தத் துளிகளை அறையெங்கும் தெறிக்கச் செய்தது. 1980களில் எச்.ஐ.வி. பற்றிய அச்சம் பரவியபோது மருத்துவர்களே இம்முறையிலிருந்து விலகத் தொடங்கினர்.

பள்ளத்தை அடியிலிருந்து நிரப்பும் முயற்சிகளும் இடையிடையே நடந்தன. ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்தாவ் நியூபர் 1893இல் கையிலிருந்து எடுத்த கொழுப்பை முகத் தழும்பின் அடியில் வைத்தார். மாட்டுத் தோலிலிருந்து பிரித்த கொலாஜன் ஊசிக்கு 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கியதால் முன்கூட்டியே கையில் சோதனை ஊசி போட வேண்டியிருந்தது; நிரப்பிய பள்ளமும் சில மாதங்களில் பழையபடி ஆனது.

லேசரின் வருகை

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். இந்த லேசரின் ஒளி நீரால் மிக நன்றாக உறிஞ்சப்படுகிறது. தோல் செல்களில் பெரும்பகுதி நீர் என்பதால், ஒளி பட்ட அடுக்கு ஆவியாகிவிடும். தொடக்கக் கருவிகளில் வெப்பம் பக்கவாட்டில் பரவித் தோலைச் சுட்டது. ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983இல் வெளியிட்ட கோட்பாடு இதற்கு விடை காட்டியது: வெப்பம் பரவுவதற்கு முன்பே முடிந்துவிடும் அளவுக்கு ஒளித் துடிப்பு குறுகியதாக இருந்தால், குறிவைத்த இலக்கு மட்டுமே அழியும். 1990களின் நடுவில் குறுந்துடிப்பு லேசர்கள் சந்தைக்கு வந்தன. குறைந்த வெப்பம் விடும் எர்பியம் லேசர் 1996இல் சேர்ந்துகொண்டது.

இரத்தம் தெறிக்காமல், மைக்ரான் கணக்கில் தோலை நீக்க முடிந்ததால் தோல்தேய்ப்பின் இடத்தை லேசர் விரைவில் பிடித்தது. ஆனால் செய்தது அதே வேலைதான். தூரிகைக்குப் பதில் ஒளி. முகம் வாரக்கணக்கில் புண்ணாக இருந்தது, மாதக்கணக்கில் சிவந்திருந்தது. சிலருக்கு ஆறு மாதம், ஓர் ஆண்டு கழித்து, எல்லாம் நலம் என நினைத்திருந்த வேளையில் தோல் நிரந்தரமாக வெளுத்தது. பழுப்புத் தோலில் நேர்மாறாக, ஆறிய இடமெல்லாம் கறுத்தது. பள்ளத்தைக் குறைக்க வந்தவர் படைபடையான கருமையோடு திரும்புவது சிகிச்சை ஆகாது என்பதால், இந்திய, ஆப்பிரிக்கத் தோல்களில் முழுமுக லேசர் பெரிதும் தவிர்க்கப்பட்டது.

இந்தக் கோளாறு எதிர்பாராதது அல்ல. தோல் நிறத்தை வெயிலுக்குக் காட்டும் எதிர்வினை கொண்டு பிரிக்கும் வகைப்பாட்டை ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கினார். முதலில் அதில் இருந்தவை வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகளே. பழுப்பும் கறுப்பும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. கருவிகளும் ஏறத்தாழ அதே வரிசையில்தான் சோதிக்கப்பட்டன. தமிழர்களில் பெரும்பாலோரின் தோல் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்கும்.

ஊசியின் பாதை

திருப்பம் விலைகூடிய கருவியிலிருந்து வரவில்லை. நியூயார்க்கின் டேவிட் ஓரன்டிரைக், நார்மன் ஓரன்டிரைக் இருவரும் 1995இல் சப்சிஷன் என்ற அடியறுப்பு முறையை வெளியிட்டனர். சாதாரண ஊசி ஒன்றைத் தழும்பின் அடியில் பக்கவாட்டில் செலுத்தி, தோலைப் பிடித்திழுக்கும் நார்களை அறுப்பதே இது. கட்டு அறுந்ததும் பள்ளம் மேலெழுகிறது. அறுத்த இடத்தில் தேங்கும் இரத்தமும் பின்னர் உருவாகும் கொலாஜனும் அதைத் தாங்குகின்றன. மேல்தோலில் எஞ்சுவது ஊசித்துளை ஒன்றே. கண்ணைச் சுற்றிலும் கன்னத்திலும் இரண்டு வாரம் வரை கன்றிப்போயிருப்பது இதன் தொல்லை.

அடுத்த கண்டுபிடிப்பு தற்செயலானது. கனடாவின் மொன்றியால் நகரில் அறுவை மருத்துவர் காமிராண்டும் அவருடைய துணையாளர் டூசெட்டும் வெளுத்த தழும்புகளை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சைகுத்தி வந்தனர். ஓரிரு ஆண்டுகளில் மை மங்கியது. தழும்போ மென்மையாகி, இயல்பான நிறமும் திரும்பியிருந்தது. மாற்றத்துக்குக் காரணம் மையன்று, ஊசி என உணர்ந்த அவர்கள், மையில்லாத பச்சைகுத்தும் கருவியால் தழும்பைக் குத்தும் முறையை 1997இல் அறிவித்தனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் நுண்ணூசிகள் பதித்த சிறு உருளையை உருவாக்கினார். இன்று டெர்மாரோலர் எனப் பரவலாக அறியப்படுவது இதன் வழிவந்ததே. ஊசி துளைக்கும் ஒவ்வோர் இடமும் உடலுக்கு ஒரு சிறு காயம். அதை ஆற்ற உடல் கொலாஜனை உருவாக்குகிறது. இடையிலுள்ள மேல்தோல் அப்படியே இருப்பதால் கறுத்துப்போகும் வாய்ப்பு குறைகிறது. மருத்துவமனைகளில் தழும்புக்குப் பயன்படுத்தும் ஊசிகள் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் அளவில் உள்ளவை. இணையக் கடைகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கும் குட்டை ஊசி உருளைகள் பள்ளத்தின் அடியை எட்டுவதில்லை. தூய்மையின்றிப் பயன்படுத்தினால் தொற்றைப் பரப்பும்.

இந்தியத் தோலில் இதன் பலனைக் காட்டிய தொடக்க ஆய்வுகளில் ஒன்று ஸ்ரீநகரிலிருந்து 2009இல் வெளியானது. சிகிச்சையை முடித்த 36 பேரில் 34 பேருக்குத் தழும்பின் தரநிலை ஒன்று அல்லது இரண்டு படிகள் குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது. ஆயினும் லேசர் கருவி வாங்க இயலாத மருத்துவமனைகளுக்கு இது ஒரு வழியைத் திறந்தது.

வடிவத்தைப் பார்த்தல்

அமெரிக்க மருத்துவர்கள் ஜேக்கப், டோவர், காமினர் ஆகியோர் 2001இல் தழும்புகளை வடிவத்தால் மூன்றாகப் பிரித்தனர். பெயர்கள் மருத்துவ நூலிலிருந்து வராமல் அன்றாடப் பொருள்களிலிருந்து வந்தவை. பனிக்கட்டியை உடைக்கும் கூர் ஊசியால் குத்தியதுபோல, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வாயுடன் ஆழமாக இறங்குபவை ஐஸ்பிக். சரக்கு ரயில் பெட்டியைப்போலச் செங்குத்துச் சுவரும் தட்டையான அடியும் உடையவை பாக்ஸ்கார். அடிநார்களின் இழுப்பால் அலையலையாகத் தெரிபவை ரோலிங்.

எளிதாகத் தோன்றும் இந்தப் பிரிப்பு நூறாண்டுக் குழப்பத்துக்கு விளக்கம் தந்தது. தோல்தேய்ப்பும் முழுமுக லேசரும் ஆழமற்ற பாக்ஸ்கார் தழும்பில் வென்றன. ஐஸ்பிக் தழும்பின் அடி குரோமையர் குறித்த எல்லைக்கும் கீழே இருப்பதால் அங்கே அவை தோற்றன. ரோலிங் தழும்பில் நாரை அறுக்காமல் எதைத் தேய்த்தும் பயனில்லை. ஒரே முகத்தில் மூன்று வகைகளும் கலந்திருப்பது வழக்கம்.

ஐஸ்பிக் தழும்புக்கு விடை 2002இல் கொரியாவிலிருந்து வந்தது. உன்னா விவரித்த அதே ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை, முகமெங்கும் பூசாமல், கூர்மையாக்கிய மரக்குச்சியின் முனையால் பள்ளத்தின் அடியில் மட்டும் வைத்து அழுத்தினர். கிராஸ் என்று பெயர் பெற்ற இம்முறையில் 65 பேருக்குச் சிகிச்சை தரப்பட்டது. 65 விழுக்காடு செறிவுள்ள அமிலம் பெற்ற 33 பேரில் 27 பேரும், 100 விழுக்காடு பெற்ற 32 பேரில் 30 பேரும் நல்ல பலன் கண்டனர். முகத்தில் பரவலாகப் பூசினால் பெருங்கேடு விளைவிக்கும் செறிவு, ஒரு புள்ளியில் அடங்கியபோது பயன் தந்தது. செலவும் மிகக் குறைவு.

லேசர் உலகமும் இதே கருத்துக்கு வந்து சேர்ந்தது. பாஸ்டனின் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 2004இல் பகுதிமுறை லேசரை அறிவித்தனர். ஒளியை மயிரிழை அளவுள்ள நுண்தூண்களாகப் பிரித்து, தூண்களுக்கு இடையே நலமான தோலை விட்டுவிடுவது இதன் உத்தி. விடப்பட்ட தோலிலிருந்து செல்கள் நகர்ந்துவந்து காயத்தை விரைவில் மூடுகின்றன. கருமை விழும் அபாயம் முழுமுக லேசரைவிடக் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

ஒப்பீடுகள்

எவ்வளவு குறைந்தது என்று சொல்வதற்கும் ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. கிரெக் குட்மன், ஜெனிஃபர் பேரன் ஆகியோர் 2006இல் நான்கு படிகள் கொண்ட தரவரிசையை வெளியிட்டனர். பேசும் தொலைவில், அதாவது 50 சென்டிமீட்டரில், தழும்பு தெரிகிறதா, தோலை இழுத்தால் பள்ளம் மறைகிறதா என்பவையே அதன் கேள்விகள். ஆய்வகக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

எகிப்தில் 2011இல் வெளியான ஆய்வு நுண்ணூசி முறையையும் கிராஸ் முறையையும் 30 பேரிடம் ஒப்பிட்டது. இரண்டும் தழும்பைக் கணிசமாகக் குறைத்தன. ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று காட்டும் வேறுபாடு இல்லை. பிரேசிலில் 2016இல் பகுதிமுறை லேசரும் நுண்ணூசியும் ஒப்பிடப்பட்டபோதும் பலன் சமமாகவே இருந்தது. வேறுபட்டது பக்கவிளைவு: லேசர் குழுவில் சிலருக்குத் தோல் கறுத்தது, நுண்ணூசிக் குழுவில் எவருக்கும் இல்லை.

அதே 2016இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 24 ஆய்வுகளை, மொத்தம் 789 பேரை, ஆராய்ந்தது. எந்த ஒரு முறையையும் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கப் போதுமான தரமுள்ள சான்று இல்லை என்பது அதன் முடிவு. ஒரு நூற்றாண்டுச் சிகிச்சைக்குப் பின் கிடைத்த எண்ணிக்கை 789 என்பது வியப்பளிக்கலாம். பல ஆய்வுகளில் 20, 30 பேருக்கு மேல் இல்லை. பின்தொடர்ந்த காலமும் குறைவு. ஒரு முகத்தில் கலந்திருக்கும் மூன்று வகைத் தழும்புகளுக்கு ஒரே கருவியைக் கொடுத்துச் சராசரி எடுத்தால் வேறுபாடு மங்கிப்போவதும் இயல்பே. நடைமுறையில் மருத்துவர்கள் இன்று ரோலிங் தழும்புக்கு அடியறுப்பு, ஐஸ்பிக்குக்கு கிராஸ், மீதிக்கு நுண்ணூசி அல்லது பகுதிமுறை லேசர் எனக் கலந்து, மாத இடைவெளியில் பல அமர்வுகளாகச் செய்கின்றனர். பள்ளம் குறைகிறது, முற்றிலும் மறைவதாக எந்த நல்ல ஆய்வும் சொல்லவில்லை.

ஆறு மாதக் காத்திருப்பு

கடும் பருவை அடக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைக்கு 1982இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. தழும்பு விழுமுன் தடுக்கக்கூடிய மருந்து என்ற வகையில், மேலே சொன்ன எல்லாக் கருவிகளையும்விட இதன் பங்கு பெரிது. ஆனால் 1986இல், இம்மாத்திரை உட்கொண்ட சிலருக்குத் தோல்தேய்ப்புக்குப் பின் புடைத்த தழும்புகள் வந்ததாக ஓர் அறிக்கை வெளியானது. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழியும் வரை எந்தத் தழும்புச் சிகிச்சையும் கூடாது என்ற விதி அதிலிருந்து பிறந்து, மருந்து விவரத்தாள்களிலும் இடம்பெற்றது. தோல்தேய்ப்பு அருகி, நுண்ணூசியும் பகுதிமுறை லேசரும் வந்த பிறகும் விதி மாறவில்லை.

இந்திய மருத்துவர்கள் உட்படப் பலர் மாத்திரை உட்கொள்பவர்களுக்கே இச்சிகிச்சைகளைச் செய்து, ஆறுவதில் சிக்கல் இல்லை எனப் பதிவு செய்தனர். 2017இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வெளியான வல்லுநர் பரிந்துரைகள் பழைய விதியைத் தளர்த்தின. மேலோட்டமான அமில உரிப்பு, பகுதிமுறை லேசர் போன்றவற்றைத் தள்ளிவைக்கப் போதிய காரணம் இல்லை என அவை கூறின. சுழற்கருவியால் முகம் முழுவதையும் தேய்க்கும் முறைக்கு அமெரிக்கப் பரிந்துரை பழைய எச்சரிக்கையை அப்படியே வைத்தது.